காகிதத்தில் நான்கு நிமிடம்

மொந்தார்கோ ஊரில் யாருக்காவது மத்ரித் போக வேண்டியிருந்தால் ரயில் நேரத்தைப் பார்க்க மாட்டார்கள். பெனில்தே வீட்டு ஜன்னலைத் தட்டுவார்கள். "எப்படியும் நீ காம்போஸ் பக்கம் போவேல்ல?" என்று கேட்பார்கள். காம்போஸ் பக்கம் போக பெனில்தேக்கு ஒரு வேலையும் கிடையாது. அங்கே கோதுமை வயல்களைத் தவிர ஒன்றுமில்லை. வயல்களுக்கு நடுவே கண்ணாடியும் இரும்புமாக ஒரு ரயில் நிலையம், அதைச் சுற்றி ஐந்நூறு கார் நிற்கிற அளவுக்கு வெற்றுத் தளம், அதில் எப்போதும் ஏழெட்டுக் கார்கள். அவ்வளவுதான். ஆனாலும் ஜன்னலைத் தட்டினால் அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பத்தான் செய்வாள். திட்டிக்கொண்டேதான் கிளம்புவாள்.

அதிவேக ரயில் வந்தபோது மொந்தார்கோக்காரர்களும் காம்போஸுக்குப் போய்க் கை தட்டினார்கள். மேளம், கொடி, இலவசச் சிற்றுண்டி எல்லாம் இருந்தது. மத்ரித்துக்கு இனி ஒரு மணி நேரம் பத்து நிமிடம் என்று மேடையில் சொன்னார்கள். யார் வீட்டிலிருந்து என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் மொந்தார்கோவில் ஏறினால் நேரே மத்ரித்தில் இறங்கலாம். ஐந்து மணி நேரம் ஆகும், ஆனால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம்; உருளைக்கிழங்கு முட்டையடையை ரொட்டிக்குள் வைத்துத் தின்றுவிட்டு ஒரு தூக்கம் போடலாம். இப்போது அந்த நேர் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி ஒன்று மொந்தார்கோவுக்கும் காம்போஸுக்கும் நடுவே போய் வருகிறது. அதுவும் வேக ரயிலும் காம்போஸில் ஒரே கூரையின் கீழ்தான் நிற்கின்றன. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பது போல, இதன் தண்டவாளம் வேறு அகலம், அதன் தண்டவாளம் வேறு அகலம். இதன் அதிகாரி வேறு, அதன் அதிகாரி வேறு. இரண்டு நடைமேடைக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கண்ணாடிச் சுவர்.

ஒன்று வருவதும் மற்றது போவதும் பொருந்தாத நாட்களில் ஆட்கள் வயலுக்கு நடுவே நிற்பார்கள். அவர்களைக் கூட்டி வருவது பெனில்தே. யாரும் அவளை இதற்கு நியமிக்கவில்லை. அவளிடம் கார் இருந்தது, அவளுக்கு முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த இரண்டும் போதுமானதாக இருந்தது.

அவளுடைய உண்மையான தொழில் முதியோரைப் பார்த்துக்கொள்வது. நாற்பது வயதுவரை ஊர்ப் பாலாடைக்கட்டி ஆலையில் ஆட்டுப்பால் கொப்பரைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆலையை மூடியதும், மாவட்டத் தலைநகருக்குப் போய்ப் பராமரிப்புப் படிப்பு படித்தாள். படுக்கையில் கிடப்பவரை முதுகு பிடித்துக்கொள்ளாமல் எப்படித் திருப்புவது, விழுங்க முடியாதவருக்கு எந்தப் பதத்தில் ஊட்டுவது, குளிக்க மாட்டேன் என்பவரிடம் எப்படிச் சண்டை போடாமல் ஜெயிப்பது, எல்லாம் கற்றாள். இப்போது அவளுக்கு அறுபது. ஊரில் ஆறு பேர் அவள் பொறுப்பில் இருந்தார்கள். நேற்று விடியற்காலை முதல் ஐந்து பேர்.

ஆறாமவர் எலாதியோ. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், டிராக்டர் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகு ஒன்பது வருடம் பெனில்தேதான் பார்த்துக்கொண்டாள். கனத்த உடம்பு. படுக்கைப்புண் வராமல் இருக்க ராத்திரி ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்பதால் பத்து மணிக்கு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போவாள். எதிர்வீட்டுக் காசிமிராவுக்கு அது போதுமானதாக இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு எலாதியோ வீட்டில் விளக்கு எரிகிறது என்ற செய்தி ரொட்டிக்கடை வழியாக ஊர் முழுக்கப் போனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பெனில்தேயின் புருஷன் தார்சீசியோ மட்டும் சிரித்தார். "அந்தாளத் திருப்பிப் போட்டுட்டு வந்து நீ இடுப்பப் புடிச்சுக்கிட்டு உக்காரறத நான்தானே பாக்கறேன்" என்றார். அவர் சிரித்துவிட்டுப் போகலாம். பழி அவர் மேல் இல்லை.

எலாதியோ தூக்கத்திலேயே போனார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல வேண்டியது அதற்கப்புறம் வந்தது.

மொந்தார்கோவில் அடக்கப் பூசை முடிந்ததும் இறந்தவரின் சொந்தக்காரர்கள் கோவில் வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஊரே ஒவ்வொருவராக அவர்கள் முன்னால் வந்து தலையைக் குனிந்துவிட்டுப் போகும். பேச்சு கிடையாது, கை கொடுப்பது கிடையாது. யார் நிற்கிறார்களோ இறந்தவர் அவர்களுடையவர். அப்படித்தான் ஊர் அதை எப்போதும் படித்திருக்கிறது. எலாதியோவுக்கு உள்ளூரில் சொந்தம் இல்லை. அவர் பெட்டிக்குள் இன்னும் சரியாகக் கூடப் படுக்கவில்லை, காசிமிரா வந்து பெனில்தேயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நில்லு பெனில்தே. உன்ன விட்டா அவருக்கு வேற யாரு இருக்கா?" என்றாள். குரலில் தேன் ஒழுகியது.

மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். சிலர் நல்ல மனதோடுதான் ஆட்டினார்கள், அதுதான் இன்னும் மோசம். ஒருமுறை அந்த வாசலில் நின்றுவிட்டால் ஒன்பது வருடம் அவள் செய்தது வேலையாக இருக்காது. வேறு ஏதோவாக ஆகிவிடும். நாளைக்கு ரொட்டிக்காரர் எமெத்தேரியோவின் அப்பாவைக் குளிப்பாட்டப் போகும்போது அந்த வீட்டு மருமகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். "கழுவினேன், ஊட்டினேன், சம்பளம் வாங்கினேன்" என்று ராத்திரி தார்சீசியோவிடம் சொன்னாள். "விதவையா நிக்கறதுக்கு நான் ஒத்துக்கல."

எலாதியோவுக்கு மத்ரித்தில் ஓர் அக்கா இருந்தாள். பிரிமித்தீவா. பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போனவள், இப்போது எண்பத்து நான்கு; புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, இடுப்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலி. பெனில்தே தொலைபேசியில் கூப்பிட்டாள். "வரேன். ஏத்தி விடறதுக்கு இங்க எங்க கட்டடக் காவலாளி இருக்கான். இறக்கறதுக்கு நீ இருக்கணும்" என்றாள் கிழவி. அழவில்லை. பெனில்தேக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அடக்கம் மாலை ஐந்து மணிக்கு. மொந்தார்கோவில் அடக்கம் என்றால் எப்போதும் ஐந்து மணிதான். மத்ரித்திலிருந்து வருகிறவர்கள் ரயிலில் வந்து சேர்ந்த பிறகு. அது நேர் ரயில் ஓடிய காலத்து வழக்கம். ரயில் மாறினாலும் மணி மாறவில்லை. காவலாளி பயணச்சீட்டு எடுக்கும்போது எதுவரை என்று கேட்டான். "காம்போஸ் வரைக்கும் எடுங்க போதும். மிச்சத்தை வண்டியிலேயே சத்தூரியோகிட்ட குடுத்துக்கலாம்" என்றாள் பெனில்தே. மொந்தார்கோக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். ஊர் நிலையத்தின் சீட்டு ஜன்னலை என்றோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளூர் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கார்டு சத்தூரியோ தோல்பையோடு வருவார், காசு கொடுத்துச் சீட்டு வாங்குவார்கள். முன்கூட்டியே வாங்குவது அவரை நம்பாத மாதிரி.

கார் பட்டறையில் கியர்பெட்டி பிரிந்து கிடந்தது. ஆகவே மறுநாள் மதியம் பெனில்தேயே டீசல் வண்டியில் ஏறிக் காம்போஸுக்குப் போனாள். ஏறும்போது மூடுபனி, வயல்கள் தெரியவில்லை.

"பிரிமித்தீவாவ கூட்டிட்டு வரவா போறீங்க?" என்றார் சத்தூரியோ, சீட்டைக் கிழித்துக் கொடுத்தபடி. நாற்பது வயதுக்காரர், அடுத்த ஊர். "திரும்பறதுக்குச் சீக்கிரம் வந்துடுங்க அக்கா. ஞாயித்துக்கிழமைல இருந்து நேரம் மாத்திட்டாங்க."

"எவ்வளவு மாத்திட்டாங்க?"

"முன்ன நாலு இருபது. இப்ப மூணு அம்பத்தெட்டு. ஒரு சரக்கு வண்டிக்கு வழி விடணுமாம்."

"வேக ரயிலு மூணு அம்பத்தி நாலுக்குத்தானே வருது?"

"நாலு நிமிஷம் இருக்கு" என்றார் அவர். அவருக்கே வெட்கமாக இருந்தது போல ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"சக்கர நாற்காலிடா. அந்த மின்தூக்கில மேல ஏத்தி, பாலத்தத் தாண்டி, இன்னொரு மின்தூக்கில இறக்கணும். நாலு நிமிஷத்துல நானே ஓட முடியாது."

"காகிதத்துல இருக்கு அக்கா."

"காகிதத்துல நானும் இருவத்தஞ்சு வயசுதான்."

 பெனில்தே சாமியாரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பங்குச் சாமியாருக்கு ஐந்து கிராமம், ஒரு கார். பின்னணியில் இண்டிகேட்டர் அடிக்கிற சத்தம் கேட்டது.

"சாமி, பூசைய ஆறு மணிக்கு வெக்க முடியுமா?"

"ஆறு மணிக்கு இங்க ஒரு ஞானஸ்நானம் இருக்கு பெனில்தே. கேக்கு கூட வெட்டிட்டாங்க."

"நாளைக்கு?"

"நாளைக்குப் பேராலயத்துல கூட்டம். அஞ்சேகால் வரைக்கும் இழுத்துப் பாக்கறேன். அதுக்கு மேல நான் இழுத்தாலும் குழி வெட்டறவன் இழுக்க மாட்டான். நீதான் இருக்கியே, நீ நின்னா போதாதா?"

"போதாது சாமி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஊரில் இருப்பது ஒரே டாக்ஸி. அது அந்த நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகச் சுற்றும். காம்போஸில் டாக்ஸி நிற்பதில்லை. அடுத்த டீசல் வண்டி இருட்டிய பிறகு.

காம்போஸ் நிலையத்தில் ஒரே ஊழியர்தான். ஒனோஃப்ரே. சீட்டு விற்பது, சாமான்களை ஊடுகதிர்ப் பெட்டியில் தள்ளிப் பார்ப்பது, நடக்க முடியாதவர்களை ஏற்றி இறக்குவது எல்லாம் அவர்தான். வேக ரயில் பக்கம் உதவி செய்யும்போது பச்சை மேற்சட்டை போடவேண்டும், பழைய ரயில் பக்கம் வந்தால் மஞ்சள். இரண்டும் இரண்டு ஒப்பந்தம். பாலத்தின் நடுவில் நின்று சட்டை மாற்றுவார். நாற்காலியில் இருப்பவர் அதுவரை காத்திருக்க வேண்டும். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. எதற்கும் கோபப்படுவதில்லை என்று முடிவு செய்துவிட்ட மனிதர். பெனில்தேக்கு அந்த முகத்தைப் பார்த்தாலே கோபம் வரும்.

பலகையில் மத்ரித் வண்டி ஆறு நிமிடம் தாமதம் என்று எழுத்து ஓடியது.

"ஆறு நிமிஷம்" என்றாள் பெனில்தே. "அப்ப சத்தூரியோ வண்டி போனப்புறம்தான் அது வருது."

"ஆமா" என்றார் ஒனோஃப்ரே.

சத்தூரியோ வண்டியிலிருந்து இறங்கி வந்து ஒரு காப்பிக் கோப்பையோடு நின்றார். மூவருமாகச் சீட்டு மேசையில் சாய்ந்திருந்தார்கள். வேறு ஈ காக்கை இல்லை.

"நீ நிறுத்தி வையேன்" என்றாள் சத்தூரியோவிடம்.

"என்னால முடியாது அக்கா. ஒத்த தண்டவாளம். நான் லேட்டா கிளம்பினா எதுக்க வர சரக்கு வண்டி நடுவுல நிக்கும். கட்டுப்பாட்டு அறையில சொன்னாத்தான் நிக்கலாம்."

"அப்ப சொல்லச் சொல்லு."

அவர் கூப்பிட்டார். பேசினார், கேட்டார், மறுபடி பேசினார். வைத்தார். "அந்தம்மா காம்போஸ் வரைக்கும்தான் சீட்டு வாங்கியிருக்காங்களாம். அதனால இறங்கினதும் அவங்க பயணம் முடிஞ்சிடுச்சாம். என் வண்டில ஏறப்போறவங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதாம்."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அந்தக் கிழவிக்குத் தெரியும். செத்தவனுக்குக் கூடத் தெரியும்."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மத்ரித்துல இருந்து மொந்தார்கோ வரைக்கும் ஒரே சீட்டா வாங்கியிருந்தா, பத்து நிமிஷம் வரைக்கும் நிக்கச் சொல்லி அதுவே எனக்குச் செய்தி அனுப்பும். நம்மூருல எவன் அப்படி வாங்கறான்?"

காம்போஸ் வரைக்கும் எடுங்க போதும் என்று சொன்ன வாயைப் பெனில்தே மனதுக்குள் நன்றாகத் திட்டினாள். பிறகு, "இப்ப மாத்த முடியாதா? காச நான் குடுக்கறேன்" என்றாள்.

"ஓடற வண்டில இருக்கறவங்க சீட்ட மாத்த முடியாது" என்றார் ஒனோஃப்ரே. கொட்டாவி விட்டார். "வண்டி இன்னும் முந்தின ஸ்டேஷன் ஒல்மெதாவுக்கே வரல. இனிமே யாராவது அங்க ஏறினா அவங்களுக்கு வேணா விக்கலாம். அங்க எவன் ஏறப்போறான்? காம்போஸ விடப் பெரிய வயக்காடு அது."

பெனில்தே அவரைப் பார்த்தாள். அவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

"ஒல்மெதாலேர்ந்து மொந்தார்கோவுக்கு ஒரு சீட்டு குடு" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்கு."

"நீதான் இங்க நிக்கறியே."

"நான் எங்க நின்னா உனக்கென்ன? விக்க முடியுமா முடியாதா?"

ஒனோஃப்ரே சத்தூரியோவைப் பார்த்தார். சத்தூரியோ காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். எதற்கும் கோபப்படாத மனிதருக்கு எதையும் மறுக்கவும் தெம்பில்லை போலும். பெயர் கேட்டார், அடையாள எண் கேட்டார், இரண்டு விரலால் தட்டினார். சீட்டு வந்தது. பெனில்தே கர்ராஸ்கால், ஒல்மெதாவிலிருந்து மொந்தார்கோ, காம்போஸில் வண்டி மாறுதல். சற்று நேரத்தில் சத்தூரியோவின் சட்டைப்பையில் தொலைபேசி பீப் என்றது. அவர் படித்தார்.

"நிக்கச் சொல்லுது. மாறற பயணி ஒருத்தருக்காகப் பத்து நிமிஷம்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அக்கா, அந்தப் பயணி நீங்க. நீங்க இங்க என் வண்டிப் பக்கம் நிக்கறதப் பாத்துட்டேன். நீங்க மாறியாச்சுன்னுதான் நான் பதில் போடணும். பொய் போட்டா என் சம்பளத்துல கை வெப்பாங்க."

"அப்ப நான் அந்தப் பக்கம் போறேன். வண்டி வந்தப்புறம் மாறி வரேன்" என்று சொல்லிக் கைப்பையை எடுத்தாள்.

அந்தப் பக்கம் போக ஊடுகதிர்ப் பெட்டி. ஒனோஃப்ரே பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். பையில் கத்தரிக்கோல் இருப்பதாகப் பெட்டி சொன்னது.

"நகம் வெட்டறது. வயசானவங்க காலுல வளஞ்ச நகத்துக்கு" என்றாள்.

"கத்தரிக்கோல் அனுமதி இல்ல பெனில்தே."

"வேக ரயிலக் கடத்திக்கிட்டு எங்க போவேன்? மொந்தார்கோவுக்கா? அதுக்குத் தண்டவாளம் பொருந்தாது."

அவர் கத்தரிக்கோலைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவளை விட்டார்.

அதற்கப்புறம் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பெனில்தே, அந்தப் பக்கம் திறந்த கதவருகே சத்தூரியோ. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம், ஆனால் குரல் கேட்காது. அவர் போன் பண்ணினார்.

"அக்கா, ஓட்டுநர் கேக்கறாரு. யாருக்காக நிக்கறோம்னு."

"எனக்காகன்னு சொல்லு."

"உங்கள அவரு பாத்துட்டாரு. கையாட்டறாரு."

"பதிலுக்கு ஆட்டறேன்னு சொல்லு. போன வை, காசு போகுது."

மூன்று ஐம்பத்தெட்டு ஆனது. டீசல் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர் எட்டிப் பார்த்து என்ன தாமதம் என்று கேட்பது உதட்டசைவில் தெரிந்தது. சத்தூரியோ இவளைக் காட்டினார். அவர்கள் எல்லோரும் கண்ணாடி வழியாக அவளை முறைத்தார்கள். அதில் இரண்டு பேர் அடக்கத்துக்குத்தான் போகிறவர்கள்.

மத்ரித் வண்டி ஓசையில்லாமல் வந்து நின்றது. ஒனோஃப்ரே சாய்பலகையைப் போட, கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாகப் பிரிமித்தீவா நாற்காலியில் இறங்கினாள். சிறிய உருவம், பெரிய கைகள். மடியில் ஒரு பை.

"பெனில்தேயா நீ? குரலக் கேட்டு இன்னும் குண்டா இருப்பேன்னு நெனச்சேன்."

"வாங்கம்மா. பேச நேரம் இல்ல."

மின்தூக்கியின் பொத்தானை ஒனோஃப்ரே அழுத்தினார். அது மேலே எங்கோ நின்றிருந்தது. வருவதாகத் தெரியவில்லை. மறுபடி அழுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தூரியோ மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். பிறகு நான்கு விரலை விரித்தார்.

"அதோ நிக்கறதுதானே நம்ம வண்டி?" என்றாள் பிரிமித்தீவா.

"அதேதான்."

"நடுவுல கதவு இருக்கே."

கண்ணாடிச் சுவரில் கதவு ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன்மேல் சிவப்பு எழுத்தில் 'ஆபத்துக் காலத்தில் மட்டும்' என்று எழுதியிருந்தது.

"அது ஆபத்துக் காலத்துக்கு அம்மா" என்றார் ஒனோஃப்ரே. "திறந்தா மணி அடிக்கும். மத்ரித்துலேயே விளக்கு எரியும்."

"எனக்கு எண்பத்தி நாலு வயசு" என்றாள் கிழவி. "தம்பிய மண்ணுல வெக்கப் போறாங்க. இதுக்கு மேல எனக்கு என்ன ஆபத்துக் காலம் வரணும், சொல்லு."

ஒனோஃப்ரே பொத்தானை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு பச்சைச் சட்டையைக் கழற்றினார். மஞ்சளை மாட்டவில்லை. வெறும் ஸ்வெட்டரோடு போய்க் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். மணி நிலையம் முழுக்க அலறியது. பெனில்தே நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்துச் சின்னச் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு, படிப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, படியைக் கடந்து டீசல் வண்டிக்குள் ஏற்றினாள். சத்தூரியோ விசில் ஊதியது மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கதவு மூடியது. ஒனோஃப்ரே கண்ணாடிகளுக்கு நடுவே இரண்டு மேற்சட்டையும் இல்லாமல் நின்றுகொண்டு, தொலைபேசியில் யாருக்கோ விளக்கம் சொல்லத் தொடங்கியிருந்தார். கத்தரிக்கோல் அவரிடமே தங்கிவிட்டது.

வண்டி நகர்ந்ததும் சத்தூரியோ தோல்பையோடு வந்தார். பிரிமித்தீவா காசு கொடுத்துச் சீட்டு வாங்கினாள்.

"நீயும் வாங்கிக்கோ" என்றாள் பெனில்தேயிடம்.

"நான் ஒல்மெதாலேர்ந்து வரேன்" என்றாள் பெனில்தே. கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கதையைச் சொல்லவேண்டி வந்தது. மூடுபனிக்குள் போகும்போது சொன்னாள்: வாசல், வரிசை, காசிமிரா, ஊர் வாய், எதையும் விடவில்லை. எப்படியும் அங்கே போனதும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். தானே சொல்லிவிடுவது நல்லது.

"அவன் சின்ன வயசுலேயே பாரம்தான்" என்றாள் பிரிமித்தீவா. "இடுப்புல தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். நீ ஒன்பது வருஷமா திருப்பிப் போட்டியா? எனக்கு ரெண்டு வருஷத்துலயே போதும்னு ஆயிடுச்சு, ஓடிட்டேன்."

ஐந்தடித்துப் பத்து நிமிடத்தில் கோவிலுக்குள் நுழைந்தார்கள். சாமியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பூசையைத் தொடங்கினார். ஞானஸ்நானத்துக்குப் போகிறவர் செய்கிற பூசை எவ்வளவு வேகமாக இருக்குமோ அவ்வளவு வேகம். பெனில்தே நாற்காலியை முதல் வரிசைப் பக்கம் நிறுத்திவிட்டு, தார்சீசியோ பக்கத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. ஆனால் மனம் நிம்மதியாக இருந்தது. எலாதியோவுக்குச் சொந்தமென்று ஓர் அக்கா இருக்கிறாள். வாசலில் நிற்க ஆள் வந்தாயிற்று.

பூசை முடிந்ததும் பிரிமித்தீவாவை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நல்ல இடமாகப் பார்த்து, காற்று படாமல், மேல்துண்டைக் கழுத்தில் சுற்றிவிட்டாள். சக்கரத்தின் தடையைப் போட்டாள். விலகினாள்.

பெரிய கை ஒன்று அவளுடைய சட்டைக்கையைப் பிடித்தது.

"எங்க போற?"

"உங்க இடம் அம்மா இது. நான் அந்தப் பக்கம் நிக்கறேன்."

"பதினெட்டு வயசுல போனவ நான். இங்க ஒருத்தர் மூஞ்சி எனக்குத் தெரியுமா? யாருக்குத் தலையாட்டறேன்னு தெரியாம ஆட்டச் சொல்றியா? மரியாதை இல்ல அது. பேரச் சொல்லு, ஒவ்வொருத்தரா."

"தார்சீசியோவ அனுப்பறேன். என் புருஷன். அவருக்கும் எல்லாரையும் தெரியும்."

"ஆம்பளைங்களுக்கு யார் யாருக்கு மருமகன்னு தெரியாது" என்றாள் பிரிமித்தீவா. கையை விடவில்லை.

வரிசை கிளம்பிவிட்டது. முதல் ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான். நேரம் இல்லை. பெனில்தே கிழவியின் காதருகே குனிந்தாள்.

"மாதா பண்ணைக் கிழவரோட பேரன், லியோன்சியோ."

லியோன்சியோ கிழவிக்குத் தலை குனிந்தான். பிறகு, குனிந்து நின்ற பெனில்தேக்கும் தலை குனிந்துவிட்டுப் போனான். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவனும். நிமிர்ந்து விலகி நிற்கப் பார்த்தாள், சட்டைக்கை இழுபட்டது. மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் இழுபட்டது. தார்சீசியோ தூணோரம் நின்று வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

காசிமிரா வந்தாள். கிழவிக்கு ஓர் அளவு குனிந்தாள். பெனில்தேக்கு அதைவிடத் தாழக் குனிந்தாள், எல்லாரும் பார்க்கும்படி, நிதானமாக. ஆக, நாளைக் காலை ரொட்டிக்கடையில் என்ன பேசப்போகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. ஏறாத ரயிலுக்குச் சீட்டு, அடித்த மணி, பறிபோன கத்தரிக்கோல், எல்லாம் இந்த இடத்தில் நிற்காமல் இருப்பதற்காக. அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இது யாரு?" என்றாள் பிரிமித்தீவா.

"காசிமிரா. எதிர்வீடு."

"ம்" என்றாள் கிழவி.  எல்லாருக்கும் ஆட்டிய தலையை இவளுக்கு ஆட்டவில்லை. காசிமிரா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

வரிசை இன்னும் கல்லறைச் சுவர் வரை நீண்டிருந்தது. சாமியார் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. பெனில்தே இடது காலிலிருந்து வலது காலுக்குப் பாரத்தை மாற்றினாள். இப்படிக் குனிந்தே நின்றால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று முழங்காலை மடக்கி, நாற்காலியின் கைப்பிடியில் தாங்கிக்கொண்டாள்.

"அடுத்தது?"

"ரொட்டிக்கடை எமெத்தேரியோ" என்றாள். "பின்னாடி வரது அவரு மருமக. நல்லவதான், ஆனா சமையல் வாயில வைக்க முடியாது."